உட்காரவைக்கும் அன்பு

முகம் கழுவக் குனிபவரின் கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன; தலை கவிழ்கிறது; இரு கைகளும் தண்ணீரை அள்ளுவதில் இருப்பதால் எதையும் பற்றிக்கொள்ள வழியில்லை. இளையவர் பொருட்படுத்தாத இந்தச் சில நொடிகளில், உடலை நிமிர்த்தி நிறுத்தும் மூன்று புலன்வழிகளுள் பார்வை விலகிவிட, உட்செவியின் சமநிலை உறுப்பும், பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்வும் மட்டுமே முழுச் சுமையையும் ஏற்கின்றன. நெடுநாள் நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்கு அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்குமாதலால், எஞ்சிய ஒன்றை நம்பியே அவர் ஈரத்தரையில் நிற்கிறார். கண்ணை மூடி நிற்கச் செய்து தள்ளாட்டத்தைக் கணிக்கும் ரோம்பெர்க் சோதனை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தோன்றியது. அதே சோதனையை வீட்டுக் குளியலறைகள் நாள்தோறும் காலையில் மேற்பார்வை ஏதுமின்றி நடத்திவருகின்றன.

சமநிலை என்றால் அசையாமல் நிற்கும் திறன் என்றே பலரும் கொள்கின்றனர். இயன்முறை மருத்துவத்தில் ‘உடல்நிலைக் கட்டுப்பாடு’ என வழங்குவது அதனினும் விரிந்தது. உடல் எடையின் மையத்தைப் பாதங்கள் ஊன்றிய பரப்புக்குள் தக்கவைப்பதும், அது விலகும்போது மீட்பதும், விலகப்போவதை முன்னுணர்ந்து தசைகளை ஆயத்தப்படுத்துவதும் அதில் அடங்கும். மேல்தட்டிலுள்ள பருப்பு டப்பாவுக்குக் கை உயர்வதற்கு ஒரு கணம் முன்பே தொடையின் பின்புறத் தசை இறுகிவிடுகிறது. கையோடு உடலும் முன்னால் சாய்ந்துவிடாமல் காக்கும் இந்த முன்னேற்பாட்டைச் சோவியத் ஆய்வாளர்கள் 1967இல் விவரித்தனர். முதுமையில் இது தாமதப்படுவதால், சாய்வு தொடங்கியபின் சமாளிக்க வேண்டியதாகிறது. கணுக்காலால் திருத்துவது, அது போதாதபோது இடுப்பை வளைப்பது, அதற்கும் அடங்காதபோது ஓரடி எடுத்துவைப்பது என மீட்சிக்கு மூன்று உத்திகள் உண்டு. கடைசி உத்தியில் கால் உரிய நேரத்தில் எழாவிட்டால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

இவையனைத்துக்கும் கவனமும் வேண்டும் என்பதை 1997இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வொன்று எளிய முறையில் உணர்த்தியது. உடன் நடப்பவர் பேச்சுக்கொடுத்தால் முதியவர் நின்றுவிடுகிறாரா என்பதை மட்டும் பார்த்த அந்த ஆய்வில், 58 பேருள் 12 பேர் நின்றனர். அந்தப் பன்னிருவருள் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் விழுந்தனர். நடப்பதும் பேசுவதும் ஒருசேர இயலாமற்போனால், நடை தானாக நிகழும் செயலாக இல்லாமல் எண்ணி எண்ணிச் செய்யும் வேலையாகிவிட்டது என்று கொள்ளலாம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்ற மதிப்பீட்டைப் படிக்கும் குடும்பத்தினர் அஞ்சுவதில் வியப்பில்லை. எனினும் அந்த அச்சம் நம் வீடுகளில் எடுக்கும் வடிவமே கவலைக்குரியது. “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்னும் பரிவான சொல்லோடு முதியவரின் கையிலிருந்து முதலில் துடைப்பமும், பிறகு கோலப்பொடியும், கடைசியில் காப்பி டம்ளரைக் கழுவிவைக்கும் உரிமையும் வாங்கப்படுகின்றன. அவருக்கு நாற்காலியும் தொலைக்காட்சியும் மிஞ்சுகின்றன. நலமாயிருந்த முதியோரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்த 2007ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுடைய கால்களின் தசைத்திரளில் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. நாற்காலி படுக்கையைப் போல அவ்வளவு விரைவாகத் தசையைக் கரைக்காவிட்டாலும், அதன் போக்கும் அந்தத் திசையிலேதான்.

சமநிலையை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் பெர்க் அளவுகோலில் 14 செயல்களும் 56 மதிப்பெண்களும் உள்ளன. உட்கார்ந்த நிலையிலிருந்து எழுவது, கையை முன்னே நீட்டி எட்டுவது, தரையில் கிடக்கும் செருப்பை எடுப்பது, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பது, ஒற்றைக்காலில் நிற்பது முதலிய அச்செயல்களுட் பல, வீட்டு வேலை செய்பவர் முற்பகலுக்குள் பலமுறை செய்து முடிப்பவை. தரையில் அமர்ந்து எழும்போது கையையோ முழங்காலையோ ஊன்றினால் ஊன்றலுக்கு ஒரு மதிப்பெண் குறைத்து, பத்துக்குக் கணக்கிடும் பிரேசில் நாட்டுச் சோதனையில் குறைந்த மதிப்பெண் பெற்ற நடுவயதினரும் முதியோரும் பின்னாளில் கூடுதலாக இறந்தனர் என்று 2012இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பந்தியில் சம்மணமிட்டு அமர்ந்து எழுந்த தலைமுறை இப்பயிற்சியைப் பெயரிடாமலே பெற்றுவந்தது. சாப்பாட்டு மேசையும் சோபாவும் அதைச் சத்தமின்றி நிறுத்திவிட்டன.

முழங்கால் மூட்டு தேய்ந்தவர் தரையில் அமரக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. கழிவறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் தேவை என்பதும் உண்மையே. ஆயினும் கைப்பிடியால் காலுக்கு வலுவேற்ற முடியாது. வீட்டில் வாழும் முதியோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு மதிப்பாய்வு, உடற்பயிற்சி விழுதலை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைப்பதாகக் கண்டது.

கொடியில் துணி உலர்த்துவதில் வாளிக்குக் குனிவது, நிமிர்வது, முகத்தை மேலே தூக்குவது, இரு கைகளையும் ஒருசேர உயர்த்துவது, பக்கவாட்டில் ஓரடி நகர்வது என ஐந்து பயிற்சிகள் அடங்கியுள்ளன. தாயிடமிருந்து அந்த வேலையை முழுவதுமாகப் பறிப்பதற்கு முன், கொடியைத் தோளுயரத்துக்கு இறக்கிக் கட்டி, வாளியை முக்காலியின்மேல் வைத்து, ஈரமில்லாத தரையில் அவரை நிற்கச் செய்து பார்க்கலாம். கடைசித் துணி காயப்போடப்படும்வரை அருகில் ஒருவர் நின்றால் போதும்.