அறுதி உடைமையும் குத்தகை உரிமையும்: திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் முதல் தொடர்மாடி வீடு வரை

ஒரு காணியையோ வீட்டையோ பயன்படுத்துபவர் எல்லோரும் அதன் சொந்தக்காரர் அல்லர். ஆதனம் ஒன்றின் மீது ஒருவருக்குள்ள உரிமை எத்தகையது, எவ்வளவு காலத்துக்குரியது என்பதை அறிந்து கொள்வது பரீட்சைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் அவசியமாகும். இவ்வலகில் இரு வகை உரிமைகளை நோக்குவோம்.

1. அறுதி உடைமை

கால எல்லையற்ற முழு உரித்தே அறுதி உடைமை எனப்படும். இவ்வுரித்துடையவர் ஆதனத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு,
• அனுபவிக்கலாம்
• விற்கலாம் அல்லது நன்கொடையாக வழங்கலாம்
• ஈடு வைத்துக் கடன் பெறலாம்
• குத்தகைக்கோ வாடகைக்கோ கொடுக்கலாம்
அவர் இறந்த பின் அது அவருடைய உரித்தாளரைச் சேரும்.

2. குத்தகை உரிமை

சொந்தக்காரர் தமது ஆதனத்தைக் குறித்த காலத்துக்கு, குறித்த கொடுப்பனவுக்கு, குறித்த நிபந்தனைகளுடன் இன்னொருவர் பயன்படுத்த விடுவது குத்தகையாகும். காலம் முடிந்ததும் ஆதனம் சொந்தக்காரரிடம் மீளும். குத்தகைக் காலத்தில் உடைமை கைமாறுவதில்லை. பயன்படுத்தும் உரிமை மட்டுமே கைமாறுகிறது.

3. திருகோணமலை காட்டும் உதாரணம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவில் பிரித்தானியர் தமது கடற்படையின் தேவைக்காகப் பாரிய எண்ணெய்க் குதங்களை அமைத்தனர். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இக்குதத் தொகுதியும் சேதமுற்றது. 1948 இல் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் பிரித்தானியக் கடற்படைத் தளம் இங்கு தொடர்ந்தது. 1957 இல் அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டு இந்திய - இலங்கை உடன்பாட்டின்போது பரிமாறப்பட்ட கடிதங்களில், இக்குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்குவது பற்றியும் குறிப்பிடப்பட்டது.

2003 இல் குதத் தொகுதியை 35 ஆண்டுகளுக்கு லங்கா ஐஓசி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு வழங்க உடன்பாடு காணப்பட்டது. ஆண்டுக் குத்தகைப் பணம் 100,000 அமெரிக்க டொலர். ஆயினும் அதற்குரிய முறையான குத்தகை உறுதி நிறைவேற்றப்படவில்லை என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. அவற்றின்படி 99 குதங்களும் பின்வருமாறு பகிரப்பட்டன:

• இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் - 24
• லங்கா ஐஓசி - 14
• இரண்டும் இணைந்த கூட்டு நிறுவனம் - 61 (பங்கு முறையே 51%, 49%)

குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். அதாவது 2072 வரையாகும்.

இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், எண்ணெயைச் சேமிப்பவர் எவராயினும் காணியின் சொந்தக்காரர் இலங்கை அரசே என்பதாகும். அதேவேளை, 50 ஆண்டு என்பது இரு தலைமுறையைத் தொடும் காலம். நீண்டகாலக் குத்தகைகள் பற்றி மக்கள் கேள்வி எழுப்புவதற்குக் காரணம் இதுவே. ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017 இல் 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டபோதும் இதே விவாதம் எழுந்தது.

4. தொடர்மாடி வீட்டின் உரிமை

நிலத்துக்குச் சொந்தக்காரரே அதில் நிலையாகக் கட்டப்பட்டதற்கும் சொந்தக்காரர் என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் பொது விதி. அப்படியானால் மூன்றாம் மாடியில் வீடு வாங்குபவருக்கு எது சொந்தம்? இச்சிக்கலைத் தீர்க்கவே 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடத்தின் கூட்டாதன வரைபடம் பதிவு செய்யப்பட்டதும் ஒவ்வொரு வீடும் தனித்தனி ஆதனமாகக் கொள்ளப்படும். படிக்கட்டு, கூரை, நீர்த்தாங்கி முதலிய பொதுப் பகுதிகளில் ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரருக்கும் பிரிக்கப்படாத பங்கு உண்டு. அவற்றைப் பராமரிப்பது சொந்தக்காரர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாகும்.

தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்கு வழங்க முடியாது. எனவே 99 ஆண்டுக் குத்தகை வீடொன்றை 30 ஆண்டுகள் கழிந்த பின் ஒருவர் வாங்கினால் அவருக்குக் கிடைப்பது எஞ்சிய 69 ஆண்டுகளே. சிங்கப்பூரில் அரச வீடமைப்புச் சபை விற்கும் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்குரியவை. எஞ்சிய ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் பெறுமதியும் குறையும். வங்கிக்கடன் பெறுவதும் கடினமாகும்.

5. ஆவணங்களைப் பரிசீலித்தல்

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனையும், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுத்தில் நிறைவேற்றப்பட வேண்டும். வாய்மொழி வாக்குறுதியோ வெற்றுத் தாளில் இட்ட கையொப்பமோ போதாது.

திருகோணமலை மாவட்டத்தில் பல குடும்பங்கள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளில் வாழ்கின்றன. அனுமதிப்பத்திரம் அறுதி உறுதியன்று. அரச அதிகாரியின் சம்மதமின்றி அதனை விற்க முடியாது. இதனை அறியாது பணம் கொடுப்பவர் பணத்தையும் காணியையும் ஒருங்கே இழக்க நேரிடும். ஆதலால் பணம் கொடுக்குமுன்:

அ. ஆவணம் அறுதி உறுதியா, குத்தகை உறுதியா, அனுமதிப்பத்திரமா எனப் பார்க்க.
ஆ. காணிப் பதிவகத்தில் பதிவுகளைத் தேடி ஈடு, வழக்கு முதலியன உண்டா என அறிக.
இ. குத்தகையாயின் எஞ்சிய ஆண்டுகளையும் நிபந்தனைகளையும் கணக்கிடுக.

மாதிரி வினா

"நீண்டகாலக் குத்தகையும் விற்பனையும் ஒன்றே." இக்கூற்றை ஆராய்க.

விடைக் குறிப்பு: ஒன்றல்ல. விற்பனையில் உடைமை நிரந்தரமாகக் கைமாறும். குத்தகையில் பயன்பாட்டு உரிமை மட்டும் குறித்த காலத்துக்குக் கைமாறும். எனினும் காலம் மிக நீண்டதாயின் சொந்தக்காரர் தமது வாழ்நாளில் ஆதனத்தை மீளப் பயன்படுத்த முடியாமற் போகலாம். எண்ணெய்க் குதங்களை உதாரணமாகக் காட்டுக.

நினைவிற் கொள்க: "யாருடைய பெயரில்?" என்பதோடு "எத்தனை ஆண்டுக்கு?" என்றும் கேட்க வேண்டும்.