கம்ப்யூட்டர் செத்துவிட்டதா, மயக்கமா? மழை விட்டதும் கடலூர், சிதம்பரத்தில் நடக்கும் கூத்து!

மழை விட்டது. கரண்டும் வந்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் பட்டனை அமுக்குகிறார்கள். சத்தமே இல்லை!

மறுபடியும் அமுக்குகிறார்கள். பெட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

உடனே அதை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்கு ஓட்டம். அங்கே பல நேரம் ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடும். "மதர்போர்டு போயிடுச்சு சார்!" செலவு ஆயிரக்கணக்கில்.

எல்லா கடைக்காரர்களையும் சொல்லவில்லை. நாணயமாக வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் செத்துப்போனதாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர்களில் பல, சாகவே இல்லை. மயங்கித்தான் கிடக்கின்றன!

பெட்டி போனால் வேறு வாங்கிக் கொள்ளலாம். உள்ளே இருப்பதை எங்கே போய் வாங்குவது? அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவர் ஒருவரின் மூன்று வருட உழைப்பு அதற்குள் இருக்கும். கீழவீதி கடைக்காரரின் கணக்கு இருக்கும். காலமாகிவிட்ட அப்பாவின் போட்டோ இருக்கும். அவசரப்பட்டு "பார்மெட்" போட்டால் அத்தனையும் காலி!

கொல்வது யார்?

கடலூர் மாவட்டத்துக்கும் புயலுக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. 2011 டிசம்பர் 30-ந்தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சரிந்து ஊரே இருட்டில் கிடந்தது. அடுத்த வருடம் பூராவும் தமிழ்நாட்டையே மின்வெட்டு ஆட்டிப்படைத்தது. அரசு இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பரில்தான் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த நேரத்தில் கரண்ட் இல்லை!

2015-ல் மழை வெள்ளம். 2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல். அது போன கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரில் புகுந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் அடிப்பது கரண்ட் போவது அல்ல. திரும்பி வருவதுதான்!

கரண்ட் வரும் அந்த நொடியில் தெருவில் உள்ள பிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒன்றாக இழுக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கிக் கூத்தாடும். அந்த அடியை முதலில் வாங்குவது "எஸ்.எம்.பி.எஸ்." என்ற இரும்புப் பெட்டி. 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. மதர்போர்டுக்குப் பதில் அடிவாங்கிச் சாகும் காவல்காரன் என்று சொல்லலாம்.

இன்னொரு ஆபத்து, காற்றில் நியூட்ரல் ஒயர் அறுந்து போவது. அப்போது வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட ஏறும். பல்பு திடீரென்று பளீரென்று எரிந்து, பேன் பிசாசு மாதிரி சுற்றினால் ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் போன் போடுங்கள்.

கரண்ட் போனால் பிளக்கை உருவி விடுவதும், வந்து கால் மணி நேரம் கழித்துச் சொருகுவதும் காசில்லாத இன்சூரன்ஸ்.

கடைக்கு ஓடும் முன்...

சரி, பெட்டி எழுந்திருக்கவில்லை. என்ன பார்ப்பது?

அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லையா? குற்றவாளி சுவரில் இருக்கிறான்! ஸ்பைக் பெட்டியின் பியூஸ் போயிருக்கலாம். யூ.பி.எஸ். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் படுத்துவிடும். யூ.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள்.

பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. வீடு கூட்டும்போது கைபட்டு அணைந்திருக்கும். பழைய பெட்டிகளில் அதன் பக்கத்தில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது 230-ல்தான் இருக்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக 115-க்கு நகர்த்திவிட்டால் டப்பென்று வெடிக்கும்.

பேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரைதான் கருப்பு என்றால் அது வேறு கேஸ். மானிட்டர் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். கீபோர்டில் "கேப்ஸ் லாக்" விளக்கு அமுக்க அமுக்க எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, முகம்தான் தெரியவில்லை என்று அர்த்தம்.

லேப்டாப்பா? சார்ஜரை உருவிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்தால் பல லேப்டாப்புகள் தூங்கி எழுந்த மாதிரி எழுந்துகொள்கின்றன. மந்திரம் போலத்தான் இருக்கும்!

உப்புக்காற்று!

நம் கடற்கரை ஊர்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. முதுநகர், தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளை பக்கம் ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்புக்காற்று கம்ப்யூட்டருக்குள்ளும் புகுகிறது.

உள்ளே "ராம்" என்று விரல் நீளத்துக்கு மேலே ஒரு பட்டை சொருகியிருக்கும். அதன் அடியில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். அதில் லேசாகப் பாசி பிடித்தாலும் போச்சு. பேன் சுற்றும், படம் வராது. சில பெட்டிகள் "பீப், பீப்" என்று கத்தும்.

வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. அழிரப்பர்!

பிளக்கை உருவுங்கள். பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி விடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றி, தங்கப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளை உதறிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியும் "டக்" என்று விழும்வரை அமுக்கி மாட்டுங்கள். கடையிலும் பல நேரம் இதைத்தான் செய்கிறார்கள். ரப்பர் விலை ஐந்து ரூபாய். பில் மட்டும் ஐந்து ரூபாயாக இருக்காது!

மதர்போர்டில் ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரியும் உண்டு. "சி.ஆர். 2032" என்று பெயர். மூன்று வோல்ட். அது தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பெட்டி பாதி வழியில் நின்று "எப்-1" பட்டனை அமுக்கச் சொல்லும். இதற்காக யாராவது மதர்போர்டை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். செத்த பல்லியை எடுக்கிறேன் பேர்வழி என்றுகூட அதில் கை வைக்க வேண்டாம்!

திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ்தான் வரவில்லை என்றால் முதலில் பென் டிரைவ் எதுவும் சொருகியிருக்கிறதா பார்த்து உருவுங்கள். இரண்டு மூன்று தடவை பாதியில் நின்றால் ரிப்பேர் திரை தானாக வரும். 2024 ஜூலை 19-ந்தேதி உலகம் பூராவும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றனவே, ஞாபகம் இருக்கிறதா? விமானங்கள்கூட ரத்தாயின. அதில் ஒரு பெட்டியும் கெட்டுப்போகவில்லை. "கிரவுட் ஸ்டிரைக்" என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான பைல்தான் காரணம். "சேப் மோடு"க்குள் போய் அதை அழித்ததும் எழுந்துகொண்டன. பார்மெட் தேவைப்படவில்லை!

வெள்ளத்தில் மூழ்கியதா?

அப்படியானால் மேலே சொன்னது எதுவும் வேண்டாம். முக்கியமாக, ஆன் செய்து பார்க்காதீர்கள்! "ஓடுதான்னு ஒரு தடவை பாத்துடலாம்" என்ற ஆசைதான் பல பெட்டிகளுக்கு எமன். தண்ணீர் மட்டும் கம்ப்யூட்டரைக் கொல்வதில்லை. தண்ணீரோடு கரண்டும் சேரும்போதுதான் சங்கு. அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வீண் வேலை. மாவுதான் உள்ளே போகும்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தனியாக எடுத்து, தகவல் மீட்கும் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். வெயிலில் காயவைத்தால் உள்ளே சேறு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காசு கொஞ்சம் அதிகம்தான். ஆராய்ச்சிக் கட்டுரையா, பழைய பாட்டுகளா, உள்ளே இருப்பது எது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடையில் உஷார்!

வேறொரு எஸ்.எம்.பி.எஸ்., வேறொரு ராம் மாட்டிப் பார்த்து, அப்படியும் உயிர் வராவிட்டால்தான் மதர்போர்டு மேல் சந்தேகப்பட வேண்டும். இந்தச் சோதனையை உங்கள் கண் எதிரில் செய்யச் சொல்லுங்கள். கருகின வாசனை அடித்தால் சந்தேகம் ஊர்ஜிதம்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் நம்பரைக் குறித்துக்கொண்டு ரசீது வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண் இருக்கிறது. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

மதர்போர்டு நிஜமாகவே போயிருந்தாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்துத்தான் இருக்கும். அதைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் பைல்கள் வரும்.

புதிய லேப்டாப்புகளில் மட்டும் ஒரு சிக்கல். "பிட்லாக்கர்" என்ற பூட்டு இருந்தால் மதர்போர்டு மாறியதும் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அது இல்லாமல் கடைக்காரராலும் திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பெட்டி நன்றாக ஓடும்போதே பார்த்து, நோட்டில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள்.