வண்டியின் மூளைக்கு ஒரு முத்திரை

மண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரை ஒருநாள் பயணம் செய்து பாருங்கள். புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள், தொழிலாளர்களை ஏற்றி வரும் கம்பெனிப் பேருந்துகள், உதிரி பாகங்களைச் சுமந்து வரும் வேன்கள் எனச் சாலை நிறைந்திருக்கும். இன்று தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டி ஒவ்வொன்றிலும், நம் கண்ணில் படாத ஒரு சிறிய கணிப்பொறி இருக்கிறது. அதனை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்றும், சுருக்கமாக ஈ.சி.யு. என்றும் கூறுவர்.

அண்மையில் என் மாணவர் ஒருவர், "சார், அந்தப் பெட்டியிலுள்ள புரோகிராமை மாற்றினால் வண்டி இன்னும் வேகமாகப் போகுமாமே, உண்மையா?" என்று கேட்டார். பல வண்டிகளில் அது உண்மைதான். ஆனால் அது சரிதானா? அதைத் தடுக்க அறிவியல் என்ன வழி கண்டிருக்கிறது? பார்ப்போம்.

பெட்டி செய்யும் வேலை

நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றும் பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்கு 50 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. இந்தச் சிறு பொழுதிற்குள் எவ்வளவு எரிபொருளைத் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி எழுப்புவது என்று பெட்டி கணக்கிட வேண்டும். காற்றின் அளவு, எஞ்சினின் வெப்பம், ஓட்டுநர் மிதிக்கும் அழுத்தம் ஆகியவற்றை உணர்விகள் தெரிவிக்க, பெட்டியின் நினைவகத்தில் உள்ள ஆணைத்தொடர் விடை சொல்கிறது. இந்த ஆணைத்தொடரைத்தான் மாணவர் புரோகிராம் என்றார். பிழை நேர்ந்தால் திருத்த வேண்டுமென்பதற்காக, ஸ்டியரிங்கின் கீழுள்ள இணைப்பு வாயிலாக இதை மாற்றி எழுத வழி வைத்திருக்கிறார்கள். நல்லவர் நுழையும் அந்த வாயிலிலேயே மற்றவரும் நுழையப் பார்க்கின்றனர்.

ஓர் எண் மாறினால்

நம் நாட்டில் சரக்கு லாரிகளின் வேகத்தை மணிக்கு 80 கி.மீ.க்குள் அடக்கும் ஏற்பாடு உண்டு. அந்த வரம்பு பெட்டிக்குள் ஓர் எண்ணாக இருப்பதாகக் கொள்வோம். இரும எண் முறையில் 80 என்பது 01010000. 100 என்பது 01100100. ஒப்பிட்டுப் பாருங்கள், மூன்றே இடங்கள்தாம் மாறியிருக்கின்றன.

ஆனால் சாலையில் விளைவு என்ன? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து 50 மீட்டரில் நிற்கும் லாரி, அதே பிரேக்குடன் 100 கி.மீ. வேகத்தில் வந்தால் நிற்க 78 மீட்டர் வேண்டும். கூடுதலான அந்த 28 மீட்டருக்குள் சாலையைக் கடப்பவர் யாராகவும் இருக்கலாம்.

மளிகைச் சீட்டும் சுருக்க எண்ணும்

ஆணைத்தொடர் மாற்றப்பட்டதா என்று பெட்டி எப்படி அறியும்? எல்லா எண்களையும் கூட்டி, மொத்தத்தைக் குறித்து வைப்பது ஒரு பழைய வழி. மளிகைக் கடைச் சீட்டில் மொத்தத்தைச் சரிபார்ப்பது போன்றது இது. ஆனால் பருப்பின் விலையில் 20 ரூபாய் கூட்டி, புளியின் விலையில் 20 ரூபாய் குறைத்தால் மொத்தம் மாறாதே! திருத்துபவரும் அப்படியே செய்துவிடுவார்.

எனவே கணித அறிஞர்கள் நுட்பமான ஒரு வழியை அமைத்தனர். ஆணைத்தொடர் முழுவதையும் பிசைந்து, பிழிந்து, 256 இரும இலக்கங்கள் கொண்ட ஒரே சுருக்க எண்ணாக ஆக்குவது அது. மூலத்தில் ஓர் இலக்கம் மாறினாலும், சுருக்க எண்ணில் ஏறத்தாழப் பாதி இலக்கங்கள் மாறிவிடும். இங்கே ஈடுகட்டும் தந்திரம் செல்லாது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருத்துபவர் தம் ஆணைத்தொடருக்குப் புதிய சுருக்க எண்ணைத் தாமே கணக்கிட்டு எழுதிவிட்டால்? அதற்குத்தான் முத்திரை தேவைப்படுகிறது.

காகிதத்தில் செய்து பாருங்கள்

33, 3 ஆகிய இரண்டு எண்களைக் கம்பெனி எல்லாரும் அறியப் பெட்டியில் பதித்துவிடுகிறது. 7 என்ற எண்ணை மட்டும் மறைத்து வைத்துக்கொள்கிறது. ஆணைத்தொடரின் சுருக்க எண் 4 எனக் கொள்வோம். கம்பெனி நான்கை ஏழு முறை எழுதிப் பெருக்குகிறது. விடை 16,384. அதனை 33ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் முத்திரை.

பெட்டி இதை எப்படிச் சோதிக்கும்? 16ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கும். விடை 4,096. அதனை 33ஆல் வகுத்தால் மீதி 4. தான் கணக்கிட்ட சுருக்க எண்ணும் 4. இரண்டும் பொருந்துவதால் ஆணைத்தொடரை ஏற்கிறது. திருத்தப்பட்ட ஆணைத்தொடரின் சுருக்க எண் 5 ஆனால், பழைய முத்திரை பொருந்தாது. புதிய முத்திரை செய்யவோ 7 தெரிய வேண்டும். 33ஐ 3 × 11 என்று பிரிக்கத் தெரிந்தவர் 7ஐக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே நடைமுறையில் 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட எண்ணைப் பயன்படுத்துகின்றனர். அதைக் காரணிப்படுத்த இன்றுள்ள கணிப்பொறிகளால் இயலாது. ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் என்ற மூவர் 1977இல் அளித்த முறை இது.

சோதிக்கும் கட்டளையையே ஒருவர் அழித்துவிட்டால்? அதனால்தான் அக்கட்டளையை மாற்றி எழுத முடியாத நினைவகத்தில் வைக்கின்றனர். சாவியைத் திருப்பியவுடன் முதலில் ஓடுவது அதுவே.

2015 கற்பித்த இரு பாடங்கள்

2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்த ஒரு ஜீப் வண்டியைத் தொலைவில் இருந்தபடியே செயலிழக்கச் செய்து காட்டினர். வண்டியின் இசைக்கருவி வழியாக நுழைந்து, அதிலிருந்த ஒரு சில்லின் ஆணைத்தொடரை மாற்றி எழுதினர். அந்தச் சில்லு முத்திரை எதையும் கேட்கவில்லை. 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அதே ஆண்டு செப்டம்பரில் மற்றொரு செய்தி வந்தது. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்கள், தாம் சோதனைக் கூடத்தில் இருப்பதை உணர்ந்து, அங்கே மட்டும் புகையைக் குறைத்துக் காட்டின. இதற்கு வழிவகுத்த அளவீட்டைச் செய்தது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு. சென்னையைச் சேர்ந்த அரவிந்த் திருவேங்கடம் அக்குழுவில் ஒருவர். கருவிகளைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்தபோது, ஒரு காரின் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கு வரை இருந்தன. நம் நாட்டிலும் சோதனை நடந்தபின், 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அக்கம்பெனி 2015 டிசம்பரில் அறிவித்தது.

இங்கே வெளியார் எவரும் பெட்டியைத் திருத்தவில்லை. ஆணைத்தொடர் கம்பெனியுடையதுதான். எவ்வளவு வலிய முத்திரையும் இதைத் தடுத்திராது. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குச் சோழரின் புலிச்சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அச்சின்னம் பொதியைச் சுங்கம் கண்டதென்று சொல்லும். உள்ளேயிருக்கும் மிளகில் கலப்படம் இல்லையென்று சொல்லாது. நம் முத்திரையும் அப்படியே. எழுதியவர் யார் என்று அது சொல்லும். எழுதியது நேர்மையானதா என்று சொல்லாது. அதை அளந்துதான் அறிய வேண்டும். ஆகவேதான் 2023 ஏப்ரல் முதல் நம் நாட்டிலும் புகை அளவைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் விதி வந்தது. ஒரகடத்திலேயே வாகனச் சோதனைக்கென மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது.

என் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "பெட்டியை மாற்றினால் உன் வண்டி வேகமாகப் போகலாம். ஆனால் அதன் பிரேக், டயர், எஞ்சின் எல்லாம் பழைய எண்ணை நம்பியே செய்யப்பட்டவை. எதிரே வருபவரும் அதை நம்பித்தான் சாலையில் இறங்குகிறார்."

அவர் அப்படியே 33, 3, 7 கணக்கையும் எழுதிக்கொண்டு போனார். நீங்களும் சுருக்க எண் 5க்கு முத்திரை என்ன என்று போட்டுப் பாருங்கள். விடை 14 வர வேண்டும்.