வீட்டுத் தேவைக்கு எந்தச் சங்கிலிவாள்?

2006 ஏப்ரலில் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்களிற் பல 2015, 2016ஆம் ஆண்டுகளில் திரும்பியபோது, வளவுகள் பற்றைக்காடாகிக் கிடந்தன. இப்படிக் கிடந்த காணியைத் திருத்துவோர் சங்கிலிவாள் வாங்கும்போது பெரியதே நல்லது என்று எண்ணுவதுண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை.

விறகு, வேலிக்கட்டை, நடுத்தர மரம் ஆகியவற்றுக்கு 35 முதல் 45 சீ.சீ. இயந்திரமும் 14 அல்லது 16 அங்குலத் தகடும் போதும். பாரமான வாளால் கை சோரும். கை சோர்ந்தால் விபத்துத்தான்.

கடையில் விலையைக் கேட்குமுன் முன்கைபிடிக்கு அருகிலுள்ள பிறேக்கைப் பாருங்கள். தகட்டு நுனியின் மேற்பாகம் மரத்தில் முட்டினால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவது இந்தப் பிறேக்தான். அது பழுதான வாள் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பெற்றோலில் ரூ ஸ்ரோக் ஓயில் கலக்கவேண்டும். 50க்கு 1 என்று குறித்திருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சங்கிலிக்கு வேறு ஓயில். சீவலுக்குப் பதில் மாப்போலத் தூள் பறந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. வட்ட அரத்தால் தீட்டுங்கள்.

போர் நடந்த இடத்து மரங்களுக்குள் சன்னங்களும் இரும்புத் துண்டுகளும் இருக்கலாம். பட்டையில் வடு தெரிந்தால் அவ்விடத்தில் அரியாதீர்கள், சங்கிலி அறும். கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் வாளும் வேண்டாம், காலும் வேண்டாம்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. வாளைப் பதியும் விதியையும் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள்.

வருடத்தில் பத்து நாள்தான் வேலையென்றால், நாலு குடும்பம் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். பிடிப்பவர் மட்டும் பழகிய ஒருவராகவே இருக்கட்டும்.