ஆலைத் தொழிலாளரும் மன நலமும்

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களிலுள்ள நம் அங்கத்தினர் இல்லங்களில் இன்று ஒரு புதிய நிலை காணப்படுகிறது. தந்தை தறியில் அமர்ந்திருக்கிறார்; அல்லது வயலில் நிற்கிறார். மகனோ மகளோ விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ செல்கின்றனர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து வந்த ஆலைகள் பல. ஆதலின் ஆலைத் தொழிலாளரின் மன நலம் என்பது எங்கோ நகரத்தாருக்குரிய விஷயமன்று. நம் வீட்டு விஷயம்.

‘மனம் சரியில்லை’ என்று ஒருவர் சொன்னால், அதைச் சோம்பல் என்றோ பித்து என்றோ கொள்வதே நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. இரண்டும் பிழை. துக்கமும் கவலையும் எல்லோர்க்கும் வருவன, வந்து போவன. ஆனால் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, காரணமற்ற அச்சம், தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்து, அன்றாட வேலையையும் கெடுக்குமாயின், மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். மஞ்சட்காமாலைக்கு நாணாதவர் இதற்கு நாண வேண்டியதில்லை.

ஆலை வேலை மனத்தை ஏன் வருத்துகிறது? குழித்தறி நெசவாளரோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். இழை அறுந்தால் நெசவாளர் தாமே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுகிறார். தாகம் எடுத்தால் எழுகிறார். வேலை கடினமே, கூலியும் குறைவே. எனினும் வேகத்தை வகுப்பவர் அவரே. ஆலையின் ‘லைனில்’ நிற்பவருக்கு அந்த உரிமை இல்லை. குறித்த வினாடிகளுக்கு ஒரு முறை அடுத்த பாகம் முன்னே வந்து நிற்கும். கழிவறைக்குச் செல்வதற்கும் மாற்று ஆள் வர வேண்டும். அமெரிக்க அறிஞர் ராபர்ட் கராசெக் 1979இல் இதை ஆராய்ந்து எழுதினார். வேலையின் பளு மிகுந்து, அதை நடத்தும் சுதந்திரம் குறைந்திருக்கும் இடத்திலேதான் மனச் சோர்வு மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. பளு மிகுந்தாலும் சுதந்திரமும் மிகுந்திருந்தால் கேடு அத்தனை இல்லை. (கைத்தறியாளருக்குக் கவலையே இல்லை என்று இதற்குப் பொருளன்று. கூலிப் பாக்கியும் பட்டு விலையும் தரும் கவலையை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?)

இதனோடு ‘ஷிப்டு’ முறையும் சேர்கிறது. இரவில் உறங்கிப் பகலில் விழிப்பதற்கென உடலுக்குள்ளே ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதனை ஒளியே திருத்துகிறது. ஒரு வாரம் காலை, மறு வாரம் இரவு என்று முறை மாறும்போது, அக்கடிகாரம் பழைய கணக்கிலேயே சில நாட்கள் ஓடும். அது புதிய முறைக்குப் பழகி வருவதற்குள் ஷிப்டு மீண்டும் மாறிவிடும். பகலில் உறங்க முயல்பவரின் அறையில் மற்ற ஷிப்டுக்காரர் வந்து போய்க்கொண்டிருந்தால் அந்த உறக்கமும் பாழ். உறக்கம் கெட்டவருக்குச் சினமும் சோர்வும் எளிதில் வரும். இந்த மாநிலத்தில் ஆலை வேலை நேரத்தை 12 மணியாக நீட்டிக்க இடமளிக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டதை அங்கத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். உறக்கத்தின் கணக்கைப் பார்த்தால் அந்த எதிர்ப்பு நியாயமானதே.

தங்குமிடமும் உணவும் மன நலத்துக்குப் புறம்பானவை என்று எண்ணுவோர் 2021 டிசம்பர் மாத நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். சுங்குவார்சத்திரத்திலுள்ள ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலையில் வேலை பார்த்த பெண்களின் விடுதியொன்றில் உணவு நஞ்சாகி, 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. உண்மையை அறியும் வழி அப்பெண்களுக்கு இல்லை. பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தனர். ஓர் அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கியிருந்ததும், சிலர் தரையில் உறங்கியதும் பின்னர்ச் செய்திகளில் வெளியாயின. விடுதிகள் சில தன் விதிகளுக்கு ஒத்தில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல் திரும்பத் திறக்கப்பட்டது.

என் கருத்தில், அன்று சாலைக்கு வந்தது ஒரு வேளை உணவின் கோபம் மட்டுமன்று. குறையைச் சொல்வதற்கு உரிய இடம் இல்லாதபோது அது உள்ளேயே கிடந்து புழுங்குகிறது. பின் ஒரு நாள் வெடிக்கிறது, அல்லது சொல்லாமலே ஒருவரைத் தின்றுவிடுகிறது. இரண்டாவது நிலைக்குச் சான்று, அதே நிறுவனத்தின் சீன நாட்டு ஷென்சென் ஆலைகளில் 2010இல் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகும். அதன்பின் அங்கே ஊதியம் உயர்த்தப்பட்டது, ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டனர். நம் பகுதியில், சிப்காட் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது.

வேலை நிலையாமையும் ஒரு பெருங்காரணம். 2014 நவம்பர் முதல் நாளில் நோக்கியா ஆலை நின்றபோது, இளைஞர் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஒப்பந்த முறையில் இருப்பவருக்கு அந்த அச்சம் நாள்தோறும் உண்டு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2022 செப்டம்பரில் வேலையிடத்து மன நலம் பற்றி நெறிமுறைகளை வெளியிட்டது. மனச் சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்பது அதன் மதிப்பீடு. அந்நெறிமுறைகள் வேலையின் அமைப்பையே திருத்தச் சொல்கின்றன. அடுத்து, மேற்பார்வையாளருக்குப் பயிற்சி தரச் சொல்கின்றன. சோர்ந்த தொழிலாளரிடம் முதலில் பேசுபவர் அவரே அன்றோ? நோயுற்றுத் திரும்புபவரைச் சிறிது சிறிதாக வேலையில் பழக்கவும் சொல்கின்றன. சுவரில் ஒரு விளம்பரத் தாளையும் வாரம் ஒரு யோகாசன வகுப்பையும் வைத்துவிட்டு, லைனின் வேகத்தைத் தொடாமல் விடும் நிர்வாகம் வேலையில் பாதியைக்கூடச் செய்ததாகாது.

இனி, உரிமைகள். 2017ஆம் ஆண்டு மன நலப் பராமரிப்புச் சட்டப்படி அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுவது குடிமகனின் உரிமை. நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் மன நோயையும் உடல் நோய்க்கு ஈடாக நடத்த வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீசுக்கு அஞ்சி மறைத்துவைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே அவரைக் கருத வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அம்முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. பொது ஊழியரை வற்புறுத்தும் நோக்குடன் முயல்வது மட்டுமே அதில் குற்றம். ஆகவே தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்தவருக்கு, அவர் ஒப்பந்தத் தொழிலாளராயினும், நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பலர் அறியாதது ஒன்று உண்டு. நீண்ட நாள் நோய்களின் பட்டியலில் காசம், புற்றுநோய் முதலியவற்றோடு கடும் மன நோய்களும் இடம்பெற்றிருக்கின்றன. இரண்டாண்டு தொடர்ந்து வேலை பார்த்து, உரிய நாட்களுக்குச் சந்தாவும் செலுத்தியவருக்கு, இந்நோய்களில் ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டாண்டுகள் வரையிலும் நீட்டிக்கப்படலாம். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர் இதை இழந்துவிடுகிறார். ‘கொஞ்ச நாள் வீட்டில் இரு’ என்று பிள்ளையை அழைக்கும் பெற்றோர், ராஜினாமாக் கடிதத்துக்கு முன் இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழைப் பெறச் செய்ய வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு இதில் வேலை உண்டா? பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் கடன், சக தொழிலாளரின் ஜாமீனில் நிற்கிறது. கடன் பெற்றவர் மன நோயுற்று வேலைக்கு வராவிட்டால், தவணை ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. நேற்று வரை நண்பராயிருந்தவர் இன்று வசைபாடுகிறார். நோயாளி திரும்பி வர விரும்பினாலும் அந்த முகங்களைப் பார்க்க அஞ்சுகிறார். மருத்துவச் சான்று இருக்கும் காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைப்பது பற்றியும், பிடித்தத்துக்கு முன் ஜாமீன்தாரரை அழைத்துப் பேசுவது பற்றியும் துணைவிதிகள் எவ்வளவு இடம் தருகின்றன என்று நிர்வாகக் குழுவினர் பார்க்க வேண்டும். இடம் போதவில்லையெனில் அடுத்த பொதுக்குழுவில் திருத்தத் தீர்மானம் வைக்கலாம். நோயின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியதில்லை. ‘மருத்துவச் சான்றின்படி’ என்பதே போதும்.

2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். இரவு ஷிப்டு முடிந்து வருபவர் எந்நேரமும் அழைக்கலாம் என்பதால், இவ்வெண்ணைச் சங்க அலுவலகத்துச் சுவரில் எழுதிவைப்பது நல்லது.