அடம்பன் கொடி காக்கும் கரை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது புல்மோட்டை. அதன் கரைமணலில் இல்மனைற், றூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. இவற்றை எடுப்பதற்கென 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வெள்ளைப் பெயின்றுக்கு வேண்டிய மூலப்பொருள் இல்மனைற்றிலிருந்தே கிடைக்கிறது.

இத்தகைய கரைகளில் செடிகள் வரிசையாக நிற்கின்றன. அலையோரத்தில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடிக்கின்றன. அவற்றின் பின்னே தாழை; அதற்கும் அப்பால் பாலையும் வீரையும். முன்வரிசை நின்றால்தான் பின்வரிசையும் வயலும் உப்புக்காற்றுக்குத் தப்பும். மணல்மேட்டில் இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் தங்கி, கிணறுகளுக்கு நன்னீராகிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

கனியத்தைப் பிரித்தபின் எஞ்சும் மணலால் குழியை நிரப்பலாம், சவுக்கும் நடலாம். ஆனால் மேல்மண்ணிலிருந்த விதைகளும் வேர்களும் அழிந்தால், பழைய செடிகள் இலகுவில் திரும்பமாட்டா.

அயலிலுள்ள தென்னமரவாடி மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தனர். ஊரில் ஆளில்லாதபோது நிலத்துக்காகப் பேசவும் ஆளில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, புதிய அகழ்வுக்கான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால், சட்டப்படி 30 நாட்களுக்குள் நம் கருத்தை எழுதி அனுப்புவோம். மேல்மண்ணைத் தனியே சேமித்து மீண்டும் பரப்பவும், கரையோரச் செடிவரிசையைத் தொடாமல் விடவும் கேட்போம். எந்தச் செடி எங்கே நின்றது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றவில்லை என்பதை ஊரின் மூத்தோரிடம் கேட்டு இப்போதே குறித்துவைப்போம்.