எண்ணெய் முதலாளி ஆகிப் பார்த்தேன்

ஆய்லிகார்க்கி என்று ஒரு பழைய கேம். இத்தாலிக்காரரான பாவ்லோ பெதெர்சினி, மொலெயின்டுஸ்ட்ரியா என்ற பெயரில் 2008-இல் வெளியிட்டது. ஃப்ளாஷில் எழுதியது என்பதால் இப்போது எமுலேட்டர் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. போன வாரம் மூன்று ஆட்டம் ஆடினேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு எண்ணெய் கம்பெனியின் தலைவர் நீங்கள். டெக்சாஸ், அலாஸ்கா, வெனிசுவேலா, நைஜீரியா, ஈராக் என்று துளை போட்டுக்கொண்டே போகலாம். நடுவே வாஷிங்டனில் தேர்தல் வரும். கட்சிகளுக்குப் பணம் கொடுத்தால் காரியம் நடக்கும்.

முதல் ஆட்டத்தில் யோக்கியனாக இருந்து பார்த்தேன். லாபம் படுத்தது, வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். இரண்டாவதில் இரண்டு கட்சிக்கும் நன்கொடை கொடுத்தேன். மூன்றாவதில் நைஜீரியாவில் ஊர்க்காரர்கள் எதிர்த்துக் கிளம்பியதும், அங்கிருக்கும் அரசுக்குப் பணம் கொடுத்து அடக்க வைத்தேன். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது.

அப்புறம்தான் உறைத்தது. ஒகோனி நிலத்தில் எண்ணெய் செய்த நாசத்தை எதிர்த்துப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் இன்னும் எட்டுப் பேரையும் நைஜீரிய ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. நான் விளையாட்டாகச் செய்தது அந்த மாதிரி காரியம்.

இதில் எனக்குப் பிடித்தது, கேம் எங்கேயும் பிரசங்கம் செய்வதில்லை. விதிகளாலேயே வாதம் செய்கிறது. இயான் போகோஸ்ட் 2007-இல் எழுதிய புத்தகத்தில் இந்த உத்தியைத்தான் விளக்குகிறார். புரோகிராமர் பாஷையில் சொன்னால், கெட்டவன் யாரும் தேவையில்லை. 'லாபம் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்' என்ற ஒரே கண்டிஷன் போதும். மீதியை ஆடுபவரே செய்துவிடுவார்.

சரி, கேமின் கணக்கு சரிதானா? இதன் அடித்தளம் கிங் ஹபர்ட் 1956-இல் சொன்ன கணிப்பு. உற்பத்தி மணி வடிவில் ஏறி, உச்சம் தொட்டு இறங்கும் என்றார். அமெரிக்கா சொன்னபடியே 1970-இல் உச்சம் தொட்டது. அவர் அப்போது ஷெல் கம்பெனிக்காரர். அதே 1956-இல்தான் நைஜீரியாவின் ஒலோய்பிரியில் ஷெல்-பிபி எண்ணெய் கண்டுபிடித்தது.

ஆனால் ஷேல் பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறை வந்து, 2018-இல் அமெரிக்கா அந்தப் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆக, 'எண்ணெய் வற்றும், அதனால் எல்லாம் மாறும்' என்ற பகுதியை அப்படியே நம்ப முடியாது. வற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய கவலை. நிறுத்துவதாக இருந்தால், இருக்கும்போதே நிறுத்த வேண்டும்.

கேமிலேயே அதற்கும் ஒரு முடிவு உண்டு. உலகம் எண்ணெயை விட்டு நகர்ந்துவிடும், நீங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். மூன்று ஆட்டத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை. அந்த முடிவுக்கு, ஜெயிக்க முடிகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நிஜத்தில் அந்த நாற்காலியில் இருப்பவர் ஏன் கையைக் கட்டிக்கொள்ளப் போகிறார்? கண்டிஷனை மாற்றுகிற அதிகாரம் ஆடுபவரிடம் இல்லை, வெளியே இருக்கிற நம்மிடம்தான் இருக்கிறது. நேரம் கிடைத்தால் நீங்களும் ஆடிப் பாருங்கள். எத்தனையாவது ஆட்டத்தில் கை தானாகப் போகிறது என்று கவனியுங்கள்.